புதுப்பிப்பு: கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் பார்க்கும் டால்மேஷியன் நாய்க்குட்டி

கூப்பிட்டால் எங்கள் டால்மேஷியன் குட்டி எதிர்ப்பக்கம் பார்க்கிறாள், காதில் கோளாறா என்று முன்பு கேட்டிருந்தேன். செவித்திறன் சோதனை முடிந்துவிட்டது. தலையில் மெல்லிய ஊசிமுனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக டிக் டிக் ஒலி கொடுத்து, மூளையின் மின் அலைகளைப் பார்த்தார்கள். வலது காதுக்கு அலை அலையாக எழுந்த கோடு, இடது காதுக்குத் தட்டையாகவே ஓடியது. பிறவியிலேயே அந்தக் காது கேட்காது. இந்த இனத்தில் இது அடிக்கடி வருவதுதான். சத்தம் கேட்கும், எந்தத் திசை என்பதுதான் பிடிபடாது. அதனால் கைச்சைகையும் சேர்த்துப் பழக்குகிறோம். உள்ளங்கையை விரித்தால் சட்டென்று உட்கார்ந்துவிடுகிறாள், என்ன சமத்து! வெளியே கயிறு இல்லாமல் விடவே மாட்டேன்.

அப்புறம், ஈரல் கொடுக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். டால்மேஷியனின் சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகம், ஈரல் அதை இன்னும் கூட்டும், கல் உண்டாகும். தண்ணீர்க் கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கட்டும்.