அண்ணனின் மூளை ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகள்: தசை நோயால் வருமா?

கேள்வி – இளையவள்
அண்ணனுக்கு 38 வயது. மயோடோனிக் டிஸ்ட்ரோபி முதல் வகை என்ற பரம்பரைத் தசை நோய் என்று நாலு வருஷம் முன்பே மரபணுச் சோதனையில் தெரிந்துவிட்டது. கதவுப் பிடியைப் பிடித்தால் விரல் சட்டென்று விரியாது, அது பழகிப்போச்சு. போன வாரம் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இரண்டு பக்கமும் டெம்போரல் முனையில், அதாவது காதுப் பக்க மூளையின் முன்நுனியில், வெண்பொருள் (நரம்பிழைகள் ஓடும் பகுதி) மாற்றம் என்று ரிப்போர்ட். பக்கவாதமாக இருக்குமோ என்று பயமுறுத்துகிறார்கள். பகலெல்லாம் தூங்குகிறான், எதிலும் பிடிப்பில்லை. சோம்பேறி என்று அப்பா திட்டும்போது எனக்கு அழுகை வருகிறது.

பதில் – வேலன்
இது தசையோடு நிற்கிற நோய் இல்லைங்க. 19-ஆம் குரோமோசோமில் டி.எம்.பி.கே. மரபணுவில் சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து மரபுக் குறியீடு 50 தடவைக்கு மேல் அடுக்கடுக்காக வருவதுதான் காரணம் என்று 1992-இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து உண்டாகும் ஆர்.என்.ஏ. என்ற நகல் செல்லின் உட்கருவிலேயே சிக்கி, தேவையான புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. தசை, இதயம், கண், மூளை எல்லாமே பாதிக்கும். டெம்போரல் முனைத் திட்டு இந்த நோயில் தெரிந்த விஷயம்தான். கடாசில் என்ற ரத்தக்குழாய் நோயிலும் அதே இடத்தில் வரும். ஸ்கேன் சீட்டில் தசை நோயைக் குறிப்பிட்டார்களா?

பதில் – கயல்
தங்கச்சி, என் வீட்டுக்காரருக்கும் இதே நோய். மகள் மேடையில் ஆடிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் இவர் தூங்கினார். அன்றைக்கு நான் பேசிய பேச்சை இன்றும் நினைத்து வருந்துகிறேன். பிறகு ஒருநாள் டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படத்தில் மேகம் படிந்த மாதிரி. "தூக்கமும் இந்த மந்தமும் நோயோட பகுதிம்மா" என்றார். திட்டு எவ்வளவு பெரிசோ தூக்கமும் அவ்வளவு என்று கணக்குப் போட முடியாது என்பதையும் அவரே சொன்னார்.

தூக்கப் பரிசோதனை கேளுங்கள். இவருக்கு ராத்திரியில் மூச்சு குறைந்தது. தூங்கும்போது மூச்சுக்கு உதவும் மாஸ்க் வைத்ததும் காலைத் தலைவலி போனது. வருஷா வருஷம் இ.சி.ஜி. கட்டாயம், இதயத்துடிப்பு தடைபடலாம். எந்த ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முதலில் நோயைச் சொல்லுங்கள். வீட்டில், "ஏதாவது செய்யேன்" என்றால் இவர் அசையமாட்டார். "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க" என்றால் எழுந்து போவார்.

பதில் – வேலன்
இன்னொன்று. அப்பா அம்மாவில் யாருக்காவது இளவயதிலேயே கண்புரை வந்ததா? பெற்றவருக்கு லேசாக இருந்து, பிள்ளைக்கு முன்னதாகவே கடுமையாக வருவது இந்த நோயின் வழக்கம்.

இளையவள்
ஸ்கேன் சீட்டில் தலைவலி என்று மட்டும்தான் இருக்கிறது. மரபணு ரிப்போர்ட்டோடு நாளைக்கே மறுபடி போகிறேன். தூக்கப் பரிசோதனையும் கேட்கிறேன், அக்கா.

அப்பாவுக்கு 46 வயதிலேயே இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?