ஒற்றை நானோகம்பி டெராஹெர்ட்ஸ் அளவீடு: பம்ப் வருமுன்பே சமிக்ஞை தெரிவது ஏன்?

கேள்வி – ஆய்வு மாணவி:
வணக்கம். சிலிக்கன் தகட்டின் மேல் கிடக்கும், 80 நானோமீட்டர் தடிமனுள்ள இண்டியம் ஆர்செனைடு கம்பி ஒன்றை, அதிரும் உலோக முனையால் அளக்கிறேன். பம்ப் (கம்பியைக் கிளறிவிடும் துடிப்பு) 780 நானோமீட்டர் ஃபைபர் லேசர், 80 மெகாஹெர்ட்ஸ். புரோப் (விளைவை அளக்கும் துடிப்பு) மையம் 1 டெராஹெர்ட்ஸ். சமிக்ஞையை இரண்டாம் ஹார்மோனிக்கில் (முனை அதிரும் அதிர்வெண்ணின் இரு மடங்கில்) எடுக்கிறேன். புரோப் பம்புக்கு முன்பே வந்துசேரும் தாமதங்களிலும் மாற்றம் சுழியாகவில்லை. துடிப்பின் வாலில் சிற்றலைகள் வேறு. எங்கே தேடுவது?

பதில் – லேசர் அறைக்காரர்:
சிற்றலைகள் பெரும்பாலும் நீராவிதான். நிறமாலையில் 0.557, 0.752, 1.097 டெராஹெர்ட்ஸில் பள்ளங்கள் இருந்தால் ஐயமே வேண்டாம். பாதை முழுவதையும் மூடி உலர் நைட்ரஜன் விடுங்கள். அடுத்து, முனையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். உங்கள் புரோபின் அலைநீளம் 300 மைக்ரோமீட்டர். கம்பியின் தடிமனைப் போல ஏறத்தாழ நாலாயிரம் மடங்கு. முனைத்தண்டிலிருந்து சிதறும் ஒளி எளிதில் உள்ளே புகுந்துவிடும். சில பத்து நானோமீட்டர் உயர்வில் சமிக்ஞை சாகாவிட்டால் மூன்றாம் ஹார்மோனிக்குக்குப் போங்கள். அங்கே அந்தச் சிதறல் குறையும்; சமிக்ஞையும் மெலியும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆய்வு மாணவி:
நன்றி ஐயா. சிற்றலைகள் போய்விட்டன. மூன்றாம் ஹார்மோனிக்கில் 50 நானோமீட்டருக்குள் சமிக்ஞை விழுந்துவிடுகிறது. ஆனால் பம்புக்கு முந்தைய மேடு அப்படியே நிற்கிறது. கம்பியை விட்டு விலகி வெறும் சிலிக்கன் மேல் வைத்தாலும் அதே மேடு!

பதில் – குறைக்கடத்தி ஆசாமி:
அந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருந்தால் இந்த உரையாடல் பாதியாகியிருக்கும். நீங்கள் அளப்பது சிலிக்கனை. 780 நானோமீட்டர் ஃபோட்டானுக்கு 1.59 எலக்ட்ரான்வோல்ட், சிலிக்கனின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) 1.12; ஆகவே சிலிக்கன் பம்பை உறிஞ்சிவிடுகிறது. நல்ல தகட்டில் இப்படி விடுபடும் மின்னூட்டக் கடத்திகள் மைக்ரோவினாடிக் கணக்கில் உயிரோடிருக்கும். உங்கள் துடிப்புகளோ 12.5 நானோவினாடிக்கு ஒன்று. முந்தைய துடிப்புகள் விட்டுச்சென்ற கடத்திகள் கலையுமுன் அடுத்தது வந்துவிடுகிறது. அந்தக் குவிப்புதான் உங்கள் மேடு.

உங்கள் 780, பெரும்பாலும் 1560 நானோமீட்டர் எர்பியம் ஃபைபர் லேசரின் அதிர்வெண்ணை ஒரு படிகத்தால் இரட்டித்து வந்ததாகத்தான் இருக்கும். பம்ப் பாதையில் மட்டும் இரட்டிப்புப் படிகத்தை எடுத்துவிடுங்கள். 0.79 எலக்ட்ரான்வோல்ட் சிலிக்கனை நேரடியாகத் தொடாது; இண்டியம் ஆர்செனைடின் இடைவெளி 0.35தான், அது தாராளமாக உறிஞ்சும். திறனைக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் சிலிக்கன் இரண்டிரண்டு ஃபோட்டானாக விழுங்கத் தொடங்கும்.

ஆய்வு மாணவி:
1560க்கு மாற்றினேன். சிலிக்கன் மேல் ஒன்றுமில்லை. கம்பியின் மேல் பம்புக்கு முன் சுழி, பிறகு தெளிவான ஏற்றம். திறனை உயர்த்தினால் மேடு மெல்லத் தலைகாட்டுகிறது. இரண்டு ஃபோட்டான்தான் என்று எப்படி உறுதி செய்வது?

குறைக்கடத்தி ஆசாமி:
வெறும் சிலிக்கன் மேல், திறனை இரட்டியுங்கள். சமிக்ஞை நான்கு மடங்கானால் அதுதான். அதிகத் திறன் கட்டாயம் தேவையென்றால் கம்பியைச் சஃபையர் தகட்டுக்கு மாற்றுங்கள்.