வழக்கில் வெற்றி, செலவு மட்டும் அவரவர் பொறுப்பு: இது முறையா?

கடலூர் வாசகர் எழுதியது:
புரோநோட்டின் பேரில் கொடுத்த 4 லட்சம் ரூபாய்க்காக நான் தொடர்ந்த வழக்கில், பிரதிவாதி அசலையும் வட்டியையும் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பாகியிருக்கிறது. கையெழுத்தே தன்னுடையதன்று என்று அவர் சாதித்ததால், கையெழுத்து நிபுணர் வரை போக வேண்டியதாயிற்று. ஆயினும் தீர்ப்பின் கடைசி வரி, வழக்குச் செலவை அவரவரே ஏற்க வேண்டும் என்கிறது. நீதிமன்றக் கட்டணமாக 3 சதவீதம், அதாவது 12,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். நிபுணர், வழக்கறிஞர் கட்டணங்கள் தனி. இவற்றில் எதையும் தோற்றவரிடமிருந்து பெற முடியாதா?

வழக்கறிஞர் ஒருவரின் பதில்:
ஐயா, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, யார் யாருக்கு எவ்வளவு செலவுத் தொகை தர வேண்டும் என்பதை நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு விட்டிருக்கிறது. ஆனால் அது கட்டற்ற உரிமையன்று. தோற்றவர் வென்றவருக்குச் செலவுத் தொகை தருவதே பொது வழக்கம். அதிலிருந்து விலகும் நீதிபதி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எனவே முதலில் தீர்ப்பின் முழு நகலைப் படித்து, காரணம் ஏதும் கூறப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோரியதில் ஒரு பகுதி மட்டுமே ஏற்கப்பட்டிருந்தாலோ, வாதியின் நடத்தையில் குறை கண்டிருந்தாலோ செலவுத் தொகை மறுக்கப்படுவதுண்டு.

காரணமே இல்லையெனில், 30 நாட்களுக்குள் அதே நீதிமன்றத்தில் மறுஆய்வு மனு தாக்கல் செய்யலாம். செலவுக்காக மட்டும் மேல்முறையீடு செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேல் நீதிமன்றங்கள் இதில் எளிதில் தலையிடுவதில்லை. ஆனால் பிரதிவாதியே மேல்முறையீடு செய்தால், அதன் அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்திற்குள், செலவு பற்றிய தங்கள் ஆட்சேபத்தை அதே மேல்முறையீட்டில் தாக்கல் செய்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியரின் பதில்:
மேலே சொன்னது சரிதான். ஆனால் செலவுத் தொகை கிடைத்தாலும், வழக்கறிஞருக்குக் கொடுத்தது முழுவதும் திரும்பிவிடும் என்று நண்பர் எதிர்பார்க்க வேண்டாம். வழக்கறிஞர் கட்டணம் என்று தீர்ப்பாணையில் (தீர்ப்பின்படி வரையப்படும் டிகிரியில்) ஏறுவது, வழக்கின் மதிப்பை வைத்து விதிகள் கணக்கிடும் தொகையே. அது பெரும்பாலும் உண்மைச் செலவின் ஒரு சிறு பங்குதான். உரிய காலத்தில் செலவுப் பட்டியலும், கட்டணம் பெற்றதாக வழக்கறிஞர் தரும் சான்றும் தாக்கலாகவில்லை என்றால் அதுவும் வராது. 2005இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், செலவுத் தொகை நியாயமான உண்மைச் செலவாக இருக்க வேண்டும் என்றது. 2011இல் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கிலோ, தில்லி உயர் நீதிமன்றம் விதித்த 45 லட்சத்துக்கும் மேற்பட்ட செலவுத் தொகையை, விதிகள் அனுமதிக்கும் அளவை மீறியது என்று அதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விதிகளைத் திருத்தாமல் நியாயத்தை மட்டும் பேசினால் இப்படித்தான் முடியும்.

கடலூர் வாசகர்:
இருவருக்கும் நன்றி. பொய்யாகக் கையெழுத்தை மறுத்ததற்குத் தனியாக எதுவும் இல்லையா?

வழக்கறிஞர்:
அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 35அ பிரிவு இருக்கிறது. எதிர்வாதம் பொய் என்று தெரிந்தே எழுப்பப்பட்டது எனத் தாங்கள் வழக்கின்போதே ஆட்சேபித்திருந்தால், ஈட்டுச் செலவு, அதாவது இழப்பீடாகத் தரப்படும் செலவுத் தொகை, கேட்கலாம். அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். 1976ஆம் ஆண்டுத் திருத்தம் வைத்த அந்த எல்லை இன்றுவரை நகரவில்லை. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் தாவாக்களுக்கு மட்டும் அந்த வரம்பு நீக்கப்பட்டது. அவற்றில் நியாயமான சமரச முன்மொழிவைக் காரணமின்றி மறுத்தவர் யார் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். தங்கள் கடன் இரு தனிநபர்களுக்கு இடையே கைமாற்றாகக் கொடுத்தது என்றால் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆகவே மறுஆய்வு மனுவில் 35ஆம் பிரிவை மட்டும் பிடித்துக்கொண்டு, நிபுணர் கட்டண ரசீதையும் நீதிமன்றக் கட்டண விவரத்தையும் இணைத்துத் தாக்கல் செய்யுங்கள்.