மின்தடைக்குப் பின் பார்வைப் பரிசோதனைத் திரையில் எழுத்து பெரிதாகிறது: உதவி தேவை

வணக்கம். தக்கலை அருகே சிறிய கண் பரிசோதனை அறை நடத்துகிறேன். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் திரையில் எழுத்துகளின் அளவு மாறிவிடுகிறது.

அறையின் நீளம் போதாததால், 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி 6 மீட்டர் தூரம் எடுக்கிறேன். அந்தத் தூரத்துக்கு 6/6 (இயல்பான பார்வை) வரிசை எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மின்தடைக்குப் பிறகு திரையில் அளவுகோலை வைத்தால் 10.9 காட்டுகிறது. கணக்குப் போட்டால் 125 சதவீதம். இந்த அளவில் 6/7.5 பார்வை (சற்றுக் குறைந்த பார்வை) உள்ளவரும் 6/6 என்று பதிவாகிவிடுவார். என்னிடம் வருகிறவர்களில் பலர் விடியலுக்கு முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள். அவர்களுக்குத் தவறான பவர் எழுதிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

24 அங்குல மானிட்டர், 1920-க்கு 1080, விண்டோஸ் 11, 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். தென்மேற்குப் பருவமழை தொடங்கி மின்தடை கூடியதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

விண்டோஸில் திரையில் தெரிபவற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கேலிங்கை 100 சதவீதத்துக்கு மாற்றினால் சரியாகிறது, அடுத்த மின்தடை வரை. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன். கணினிக்கு யுபிஎஸ் வைத்தேன். அது அணையாமல் நின்றாலும், எதிர்ச்சுவரில் மானிட்டர் அணைந்து எரிந்ததும் மீண்டும் 125. குட்டைக் கேபிளில் இணைத்தபோது மட்டும் மாறவில்லை, ஆனால் அது மானிட்டர் வரை எட்டாது. நீளக் கேபிளில் மானிட்டரின் அடையாளத் தகவல் கணினிக்குச் சரியாகச் சேரவில்லையோ என்று சந்தேகிக்கிறேன்.

இதே 10 மீட்டர் கேபிள் தூரத்தில், ஸ்கேலிங் 100-இலேயே நிலையாக நிற்க என்ன செய்ய வேண்டும்?