முகாமுக்குப் புதிதாக வரும் தன்னார்வலர்களிடம் எந்த வேலையை எப்போது ஒப்படைப்பது?

கேள்வி:
வணக்கம். 5 நாள் தங்கல் முகாம். 9 முதல் 14 வயது வரை 48 பிள்ளைகள், 6 குழு. குழுவுக்கு ஒரு பழைய தன்னார்வலர் இருக்கிறார். புதிதாக 5 பேர் வருகிறார்கள், எல்லாரும் 18–20 வயது. முந்தைய நாள் முழுக்கப் பயிற்சி உண்டு. ஆனாலும் புதியவர்கள் முதல் நாள் ஓரமாக நின்றுவிடுகிறார்கள், இல்லையென்றால் பிள்ளைகளோடு பிள்ளையாக விளையாடப் போய்விடுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
முதலில் ஒன்று. 8 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் முதல் 2 நாள் புதியவரைச் சேர்க்காதீர்கள். உங்களிடம் பழையவர்களே அந்தக் கணக்குக்குப் போதும், நல்லது.

ஓரமாக நிற்பவருக்கு அந்த நிமிடம் தன் வேலை எதுவென்று தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் காலையிலேயே தலை எண்ணும் வேலையைக் கொடுங்கள். முதல் இரண்டு தடவை பழையவர் பெயர் கூப்பிட, புதியவர் பட்டியலில் குறிக்கட்டும். அடுத்த இரண்டு தடவை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு அவரே எண்ணி, “8க்கு 8” என்று வந்து சொல்லட்டும். இடம் மாறும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும், சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கணைக்கும் முன் என்று நேரம் குறித்துக் கொடுங்கள். வெறும் எண்ணிக்கை ஏமாற்றும்: ஒரு பிள்ளை கழிப்பறைக்குப் போயிருப்பான், பக்கத்துக் குழுப் பையன் ஒருவன் வரிசையில் நிற்பான், 8 சரியாகவே வரும். பெயரைக் கூப்பிட்டு முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள் 10 நிமிட விளையாட்டு ஒன்றை நடத்தக் கொடுங்கள். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, பந்தை முதலில் கொடுத்துவிட்டு விதியைச் சொல்லத் தொடங்குவது. அதற்குமேல் யார் காதிலும் எதுவும் ஏறாது. வெயில் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் விழும்படி உட்கார வைத்து, எல்லை எது, விசில் அடித்தால் என்ன என்று சொல்லி, இரண்டு பேரை வைத்து ஒரு முறை ஆடிக் காட்டி, அதன்பிறகுதான் பந்து.

பதில் 2:
மேலே சொன்னதோடு, கொடுக்கவே கூடாத வேலைகளையும் பயிற்சி நாளிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து கொடுப்பது, நீர்நிலைக் காவல், ஒரு பிள்ளையோடு மூடிய இடத்தில் தனியாக இருப்பது, மூன்றும் கிடையாது. தனியாகப் பேச வேண்டுமென்றால் மற்றவர்கள் கண்ணில் படும் இடத்தில்.

ஒரு பிள்ளை மனதை உறுத்தும் விஷயத்தைச் சொன்னால் என்ன செய்வது என்பதைத் தாளில் அச்சடித்துக் கொடுத்தால் நினைவில் நிற்காது, 15 நிமிடம் நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. “அவர் உன்னை அடிச்சாரா?” என்று நாமே எடுத்துக் கொடுக்காமல், “என்ன ஆச்சு, சொல்லு” என்பதோடு நிறுத்த வேண்டும். பிள்ளை சொன்ன அதே சொற்களில் எழுதி, உடனே பொறுப்பாளரிடம் போக வேண்டும்.

18 வயதுக்காரரை 14 வயதுக் குழுவில் விடாதீர்கள். கூட்டாளி ஆகிவிடுவார். 9–11 வயதுக் குழு சரியாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. தவறு செய்தால் எப்போது திருத்துவது? பிள்ளைகள் முன்னால் சொன்னால் அப்புறம் அவர் பேச்சை அவர்கள் கேட்பதில்லை.

பதில் 3:
அடிபடும் ஆபத்து என்றால் அந்த நொடியே, “இதை நான் பார்த்துக்கிறேன்” என்று வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் ராத்திரி 10 நிமிடம் உட்காரும்போது, அதுவும் ஒரே ஒரு விஷயம். “நல்லா பண்ணீங்க” என்பதால் பயனில்லை. “பந்து கொடுக்கும் முன்னாடி எல்லையைக் காட்டினீங்க, ஒருத்தரும் வெளியே ஓடல” என்று சொன்னால் நாளைக்கும் அதைச் செய்வார்.

பழையவர்களுக்கும் ஒரு சொல்: புதியவர் பேச்சு தடுமாறினால் மனதுக்குள் 10 எண்ணிவிட்டு வாய் திறங்கள். பாதியில் பிடுங்கினால் வேலை சீக்கிரம் முடியும், அவர் மறுபடி ஓரத்துக்குப் போய்விடுவார். மூன்றாம் நாள் மதியம் அவர்கள் முகம் வாடியிருந்தால் பெரும்பாலும் தூக்கமின்மைதான். தினமும் ஒரு மணி நேரம் பிள்ளைகள் சத்தம் எட்டாத இடத்தில் படுக்க அனுப்பும்படி அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்.