மரத்தில் வாழும் டாரண்டுலா: முதல் தடவை வளர்க்கப் போகிறேன், எதை வாங்கலாம்?

திருநகர்_தம்பி:

வணக்கம். மதுரை திருநகரிலிருந்து எழுதுகிறேன். இதுவரை வளர்த்தது ஃபைட்டர் மீனும் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸும்தான், அதில் ஒன்று ஜன்னல் வழியாகப் பறந்து போனது தனிக் கதை. இரண்டு வருடமாக டாரண்டுலா, அதாவது உடம்பெல்லாம் முடி உள்ள பெரிய சிலந்தி, வீடியோக்களையே பார்த்துப் பார்த்து, இப்போது ஒன்று வாங்காமல் தூக்கம் வராது என்ற நிலைமைக்கு வந்துவிட்டேன். தரையில் குழி தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் வகை வேண்டாம், காசையும் கொடுத்துவிட்டு தினமும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. மேலே ஏறி வலை கட்டி, கண்ணில் படுகிற மாதிரி இருக்கும் மர வகைதான் ஆசை.

ஒருவரிடம் மூன்று இருக்கின்றனவாம். ஒன்று பிங்க் டோ, கால் விரித்தால் நாலு செ.மீ. வரும். இன்னொன்று டிரினிடாட் செவ்ரான், சுண்டுவிரல் நகத்தளவுக் குட்டி. மூன்றாவது இந்தியன் ஆர்னமென்டல். இது மற்றவற்றின் விலையில் பாதிதான், நம்ம ஊர் ஜாதி, வெயில் தாங்கும், லேசில் சாகாது என்கிறார். படத்தில் பார்த்தால் உடம்பு முழுக்கக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது. எனக்கு அதன் மேல்தான் கண்.

அறை மாடியில். சித்திரை மாதம் ஃபேன் போட்டால் அனல்தான் வரும். அம்மாவுக்கு எட்டுக்கால் பூச்சி என்றாலே ஆகாது, மேலே ஊர்ந்தால் அக்கி வரும் என்பார். ஒரு மாதம் கெஞ்சி, 'உன் ரூமை விட்டு அது வெளியே வந்துச்சு, நீயும் வெளியே' என்ற நிபந்தனையோடு சம்மதம் வாங்கியிருக்கிறேன். அதனால் ஓடுகிற ஜாதி என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வைகைக்கரை:

தம்பி, மூன்றாவதை இன்றே மறந்துவிடு. நம்ம ஊர் ஜாதி என்பது உண்மைதான், பொசிலோதீரியா என்கிற அந்தப் பேரினமே உலகத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும்தான் உண்டு. ஆனால் அதற்காக அது சாது என்று அர்த்தமில்லை. கடித்தால் ஆள் செத்ததாகச் செய்தி இல்லை, ஆனால் கடிபட்டவர்கள் சொல்வதைக் கேட்டால் வளர்க்கிற ஆசையே போய்விடும். கெண்டைக்கால், தொடை என்று சதை சுருட்டிப் பிடிக்கும், சிலருக்கு வாரக்கணக்கில் விட்டு விட்டு வந்திருக்கிறது. வேகமோ, நீ 'ஐயோ' என்பதற்குள் ஜாடியிலிருந்து உன் தோள்பட்டைக்கு வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு சிலந்தி வளர்த்துக் கை பழகினவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

டிரினிடாட் செவ்ரான், அதாவது சால்மோபியஸ் கேம்பிரிட்ஜை, அழகு, வேகமாக வளரும், நன்றாகத் தின்னும். ஆனால் அமெரிக்கக் கண்டத்துச் சிலந்திகளில் பலவற்றுக்கு இருக்கும் அரிப்பு முடி இதற்குக் கிடையாது. முடி இல்லாதவன் என்ன செய்வான், ஓடுவான், இல்லையென்றால் கடிப்பான். அம்மா நிபந்தனைக்கு இது ஒத்து வராது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்.

பிங்க் டோவையே எடு. அவிகுலாரியா அவிகுலாரியா, தென் அமெரிக்காவின் வடக்குப் பக்கம், கயானா, சூரினாம் காடுகளில் இருப்பது. 1758இல் லின்னேயஸ் என்ற இயற்கை அறிஞர் பெயர் வைத்தது. 1705இல் மெரியான் என்ற ஜெர்மானிய ஓவியர் சூரினாம் போய் வந்து, சிலந்தி ஒன்று தேன்சிட்டு மாதிரியான குட்டிப் பறவையைப் பிடித்துத் தின்பதாக வரைந்தார், அந்தப் பறவைக் கதைதான் பெயரில் ஒட்டிக்கொண்டது, லத்தீனில் 'அவிஸ்' என்றால் பறவை. நீ பறவை எல்லாம் தேட வேண்டாம், வாரம் ஒரு சில்வண்டு போதும்.

இதற்கும் அரிப்பு முடி உண்டு, ஆனால் தரைச் சிலந்திகள் மாதிரி பின்னங்காலால் தட்டிப் பறக்க விடாது, உடம்பை நம் மேல் ஒட்டி அழுத்தினால்தான் ஏறும். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சி பட்டிருக்கிறாயா, அந்த வகை அரிப்பு, அதைவிடக் குறைவு. பயந்தால் முதலில் ஓடப் பார்க்கும், சில சமயம் குதிக்கும், இன்னும் கோபம் வந்தால் பின்பக்கத்தைத் தூக்கிக் குறி பார்த்து எச்சத்தைப் பீய்ச்சும். என் கண்ணாடியில் ஒரு தடவை வாங்கியிருக்கிறேன்.

ஒரு விஷயம், விற்பவர் காட்டும் படத்தைப் பார்த்துவிட்டு நேரில் பார்த்ததும் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதே. பெரியதுக்குக் கால் கருப்பு, நுனி மட்டும் ரோஸ். குட்டிக்கு அப்படியே தலைகீழ், கால் ரோஸ், நுனி கருப்பு. வளர வளரத்தான் மாறும். நாலு செ.மீ. என்பது நல்ல அளவு, நகத்தளவுக் குட்டியை முதலில் வாங்காதே, ஒரு நாள் தண்ணீர் வைக்க மறந்தாலும் கை விட்டுப் போகும்.

கோ.புதூர்_பார்த்தி:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். முதல் சிலந்தியே மர வகை எதற்கு? சிலி ரோஸ் மாதிரி தரையில் மெதுவாக நகரும் ஒன்றை ஒரு வருடம் வைத்துப் பழகிவிட்டு அப்புறம் மேலே ஏறுங்கள். தரைச் சிலந்தி கொஞ்சம் காய்ந்தாலும் தாங்கும், கொஞ்சம் மறந்தாலும் தாங்கும். பிங்க் டோ அப்படி இல்லை.

வைகைக்கரை:

பார்த்தி, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் பிடிக்காததை வாங்கி மூலையில் வைத்து மறப்பதைவிட, பிடித்ததை வாங்கி ஒழுங்காகப் பார்ப்பது மேல். மர வகையே வேண்டும் என்கிறவனுக்கு பிங்க் டோவைவிடச் சாதுவானது எனக்குத் தெரியாது.

ஆனையூர்_மாமா:

ராசு, எதை வாங்குவது என்பதைவிட எதில் வைக்கப் போகிறாய் என்பதைக் கேட்டிருக்க வேண்டும். நான் கொன்ற கதையைச் சொல்கிறேன்.

என்னுடையதும் பிங்க் டோதான். 'மழைக்காட்டுச் சிலந்தி, ஈரம் வேண்டும்' என்று எங்கோ படித்துவிட்டு, மூடியில் நாலே நாலு ஓட்டை போட்ட டப்பாவில் காலையும் மாலையும் ஸ்ப்ரே அடித்தேன். ஐப்பசி மாதம், வெளியிலும் அடைமழை. ஒரு வாரத்தில் சுவரெல்லாம் முத்து முத்தாக வேர்த்து நின்றது, மரப்பட்டையில் வெள்ளைப் பூஞ்சை. மேலேயே இருக்கும் சிலந்தி கீழே இறங்கி, தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது. தாகம் போல என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை ஸ்ப்ரே அடித்தேன் பார், அதை நினைத்தால் இன்றைக்கும் ஒரு மாதிரி இருக்கிறது. மறுநாள் காலையில் எட்டுக் காலும் மூடிய கைவிரல் மாதிரி சுருண்டு கிடந்தது.

அதற்கு வேண்டியது காற்று. காட்டில் ஈரம் இருக்கும், ஆனால் மரத்து மேலே காற்றும் அடித்துக்கொண்டே இருக்கும். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தால் போச்சு.

இப்போது நான் செய்வது இதுதான். பெட்டிக்கடையில் மிட்டாய் போட்டு வைக்கிற உயரமான பிளாஸ்டிக் ஜாடி ஒன்று வாங்கு, மாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடைகளில் கிடைக்கும். சால்டரிங் அயர்னால் ஒரு பக்கம் கீழே இரண்டு வரிசை ஓட்டை, எதிர்ப்பக்கம் மேலே இரண்டு வரிசை. காற்று கீழே புகுந்து மேலே போக வேண்டும், மூடியில் மட்டும் ஓட்டை போட்டால் அது நடக்காது. ஓட்டை சிலந்தியின் தலைப்பகுதியைவிடச் சின்னதாக இருக்கட்டும், தலை நுழைந்தால் உடம்பும் பின்னாலேயே போய்விடும். அப்புறம் ஜாடியைக் கவிழ்த்து வை. மூடி கீழே, அதில் இரண்டு அங்குலம் தேங்காய் நார்த் தூள். ஏனென்றால் இது உச்சியில்தான் வலை கட்டும், மேலே மூடி இருந்தால் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அதன் வீட்டைப் பிய்த்து எறிகிறாய், அதுவும் மிரண்டு மேலே பாயும். கவிழ்த்து வைத்தால் நீ கீழே திறந்து தண்ணீர் மாற்றுவாய், அது மேலே தன் பாட்டுக்கு இருக்கும்.

உள்ளே சாய்வாக ஒரு மரப்பட்டையோ மூங்கில் துண்டோ, உச்சியில் இரண்டு பிளாஸ்டிக் இலை, அதில்தான் வலை பின்ன ஆரம்பிக்கும். தண்ணீருக்குச் சோடா மூடி. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஒரு பக்கச் சுவரில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும், மறுநாளுக்குள் காயவில்லை என்றால் ஓட்டை பற்றவில்லை என்று அர்த்தம்.

அழகர்மலை_அடிவாரம்:

நான் சிலந்தி வளர்ப்பதில்லை, வெளியில் தேடிப் போய்ப் பார்க்கிற ஆள். அந்தப் பாதி விலைச் சிலந்தி பற்றி மட்டும் சொல்கிறேன்.

அது ஏன் பாதி விலை? மற்ற இரண்டும் யாரோ வளர்த்து, இனம் பெருக்கி, குட்டியை மாதக்கணக்கில் தீனி போட்டு விற்பது. இது, எனக்குத் தோன்றுகிறபடி, ஏதோ ஒரு புளியமரப் பொந்தில் கைவிட்டு எடுத்தது. மரச் சிலந்தி பழைய மரத்தின் பொந்தை நம்பித்தான் வாழ்கிறது, சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நூறு வருடப் புளியமரங்களை வரிசையாக வெட்டினபோது அதன் வீடும் சேர்ந்தே போனது. இராமேஸ்வரம் பக்கம் ஒரு வகை இருக்கிறது, அங்கே இருக்கும் அனுமார் கோயிலை வைத்தே பொசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா என்று 2004இல் பெயர் வைத்தார்கள். இங்கிருந்து பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் போய்ச் சேருகிற ஊர், அந்தச் சிலந்தி அழியும் விளிம்பில் என்று ஐ.யு.சி.என். என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இருக்கிறது. ஆந்திராவின் கூட்டி என்ற ஊரில் கிடைத்த நீலச் சிலந்தி மெட்டாலிகாவை 1899இல் ஒரே ஒரு மாதிரியை வைத்து விவரித்தார்கள், மறுபடி கண்ணில் பட்டது 2001இல். அதுவும் அழியும் விளிம்பில்தான்.

2019இல் இந்தப் பொசிலோதீரியா பேரினம் முழுவதையும் சைட்டிஸ், அதாவது அழியக்கூடிய உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின், இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது சைட்டிஸ் பட்டியலில் உள்ளவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். காகிதம் இல்லாமல் அதை வீட்டில் வைத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவது வனத்துறைக்கு நாமே முகவரி எழுதிக் கொடுப்பது மாதிரி.

வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். 2021 ஜூலையில் சென்னையில் சுங்கத்தினர் போலந்திலிருந்து வந்த ஒரு பார்சலைப் பிரித்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய குட்டிக் குப்பிகளில் 107 உயிருள்ள சிலந்திகள் இருந்தன. பார்சல் எந்த ஊருக்குத் தெரியுமா? நம்ம அருப்புக்கோட்டைக்கு. அத்தனையையும் திருப்பி அனுப்ப உத்தரவு போட்டார்கள்.

பிங்க் டோ வாங்கினாலும் 'இங்கே பிறந்ததா, தாய்ச் சிலந்தியைக் காட்டுவீர்களா' என்று கேளுங்கள். வளர்க்கிறவர் என்றால் சந்தோஷமாகக் காட்டுவார், மழுப்பினால் வந்துவிடுங்கள்.

திருநகர்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு 'அதெல்லாம் உனக்கு எதுக்கு' என்றார், அதோடு பேச்சு முடிந்தது. வேறொருவர் இங்கேயே குட்டி எடுத்து வளர்க்கிறார், தாயையும் காட்டினார், பிங்க் டோவை அவரிடம்தான் பேசியிருக்கிறேன். ஜாடியைக் கவிழ்க்கிற யோசனை அபாரம் மாமா. இன்னும் இரண்டு சந்தேகம். மே மாதச் சூட்டுக்கு என்ன செய்வது, ஏசி எல்லாம் இல்லை. அப்புறம் ஆணா பெண்ணா என்று இப்போதே தெரியுமா?

வைகைக்கரை:

இந்த அளவில் பார்த்துச் சொல்வது கஷ்டம். சட்டை உரித்த பிறகு அந்தத் தோலைக் கிழியாமல் எடுத்து ஈரத்தில் விரித்து உட்பக்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பெண் என்றால் பத்து வருடம் பக்கம் இருக்கும், ஆண் மூன்று நாலு வருடத்தில் முடிந்துவிடும்.

சூட்டுக்கு, முப்பது டிகிரி வரை கவலையே இல்லை. மாடி அறை நாற்பதைத் தொடும் என்றால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஜாடியைக் கீழ் வீட்டுக்குக் கொண்டுவர அம்மாவிடம் இப்போதே பேசி வை. முடியாது என்றால் தரையோடு, வெயில் படாத சுவர் ஓரம் வை. அகலமான மண் தட்டில் மணல் கொட்டி, நனைத்து, நடுவில் ஒரு செங்கல், அதன் மேல் ஜாடி. குடிதண்ணீர்ப் பானையை மணல் மேல் வைப்போமே, அதே கதைதான். காற்று ஓட்டை மட்டும் அடைபடக் கூடாது.

ஆனையூர்_மாமா:

இதில் யாரும் எறும்பைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டை உரிக்கிற சமயம் அது மல்லாந்து வலையில் கிடக்கும், அசைய முடியாது, அப்போது சிற்றெறும்பு வரிசை புகுந்தால் காலையில் வெறும் ஓடுதான் மிஞ்சும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பாரே அம்மா, அதே மாதிரி செங்கலைச் சுற்றித் தண்ணீர் நிற்கட்டும். எறும்புப் பொடி, கரப்பான் மருந்து, சாக்பீஸ் எதுவும் அந்த அறையில் வேண்டாம். கொசுவர்த்தியும் வேண்டாம், சொருகி வைக்கிற லிக்விடும் வேண்டாம், கொசுவைக் கொல்வது இதையும் கொல்லும். கொசுவலை கட்டிப் படுத்துக்கொள். தெருவில் மாநகராட்சிப் புகை வண்டி சத்தம் கேட்டால் முதலில் ஜன்னலைச் சாத்து.

வீட்டுக் கரப்பானைப் பிடித்துப் போடாதே, அது எந்த வீட்டு மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ. வளர்ப்பு மீன் கடையில் சூப்பர் வார்ம் என்கிற தீனிப் புழு கிடைக்கும், தலையை நசுக்கிப் போடு, இல்லாவிட்டால் மண்ணுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

திருநகர்_தம்பி:

மூன்று வாரம் ஆயிற்று. வந்த அன்றே உச்சிக்குப் போய்விட்டது, இரண்டு இரவில் பிளாஸ்டிக் இலையையும் சுவரையும் சேர்த்து ஒரு வெள்ளைக் குழாய் கட்டிவிட்டது. டார்ச்சைத் துணியால் மூடிப் பார்த்தால் இரண்டு முன்னங்கால் மட்டும் வெளியே தெரியும், கருப்பு நுனி, குட்டியூண்டு பூனைப் பாதம் மாதிரி. முதல் இரண்டு வாரம் போட்டதைத் தின்றது. இப்போது ஐந்து நாளாகத் தொடவில்லை, குழாயின் வாயையும் வலையால் மூடிக்கொண்டது, பின்பக்கம் மங்கி வழுவழுவென்று இருக்கிறது. வெளியே எடுத்துப் பார்க்கட்டுமா?

ஆனையூர்_மாமா:

கையை எடு. சட்டை உரிக்கப் போகிறது. உள்ளே ஏதாவது புழு, சில்வண்டு கிடந்தால் இப்போதே வெளியே எடுத்துவிடு, அது மல்லாந்திருக்கும் நேரம் பார்த்துச் சில்வண்டு கடித்துத் தின்றுவிடும். தண்ணீர் மூடி நிறைந்திருக்கட்டும். உரித்த பிறகும் ஒரு வாரம் தீனி போடாதே, பல் கெட்டிப்பட வேண்டும், பிறந்த பல் வெள்ளையாக இருக்கும், கருத்த பிறகு போடு. தோல் கீழே விழுந்தால் கசக்கிப் போட்டுவிடாமல் எடுத்து வை, ஞாயிற்றுக்கிழமை வந்து ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிறேன்.