அமெரிக்க நடுத்தர வர்க்கம் சுருங்குவதை எப்படி அளக்கிறார்கள்?

கேள்வி (கணக்குப்புலி): மக்களில் நடுத்தர வர்க்கத்தின் பங்கு 61 சதவீதத்திலிருந்து 50 ஆகிவிட்டது என்கிறார்கள். எந்தக் கோட்டை வைத்து? 4 பேர் குடும்பம், ஆண்டுக்கு 90,000 டாலர் என்றால் எங்கே நிற்கும்?

பதில் (வரிவடிவம்): அது பியூ என்ற அமெரிக்க ஆய்வு மையத்தின் கணக்கு, 1971 முதல் 2021 வரை. இடைநிலை வருமானத்தில் (எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம்) மூன்றில் இரண்டு பங்கு முதல் இரு மடங்கு வரை நடுத்தரம். வருமானத்தைக் குடும்ப எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து, மூவர் குடும்பத்துக்கு மாற்ற 1.732ஆல் பெருக்குங்கள். 90,000 ÷ 2 × 1.732 = சுமார் 77,900; இதைத்தான் அந்தக் கோட்டோடு ஒப்பிட வேண்டும். தனியாள் 50,000 வாங்கினாலே 86,600 வந்துவிடும்! பலர் இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் தப்பாகச் சொல்கிறார்கள். ஊரின் விலைவாசிக்கும் திருத்த வேண்டும்; சான் பிரான்சிஸ்கோவும் மிசிசிப்பியும் ஒன்றல்ல.

பதில் (நடுக்கோடு): குறைந்த 11 சதவீதப் புள்ளியில் 7 மேலே போனது (மேல் வர்க்கம் 14இலிருந்து 21), 4 கீழே (கீழ் வர்க்கம் 25இலிருந்து 29). ஆகவே 'எல்லாரும் ஏழையாகிவிட்டார்கள்' என்பது சரியல்ல. உறுத்துவது வேறு: மொத்த வருமானத்தில் நடுத்தரத்தின் பங்கு 1970இல் 62, 2020இல் 42 சதவீதம்.

பதில் (சொத்துக்கணக்கு): இதெல்லாம் வருமானம். சொத்து இடைவெளி தனி. 2022 அமெரிக்க மத்திய வங்கி ஆய்வில் குடும்பச் சொத்தின் இடைநிலை சுமார் 1.93 லட்சம் டாலர், சராசரியோ 10.6 லட்சம். இத்தனைக்கும் ஃபோர்ப்ஸ் இதழ் பட்டியலிடும் 400 பெரும் பணக்காரர்களை அந்த ஆய்வு சேர்ப்பதே இல்லை. சராசரியை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்பாதீர்கள்.